மூடுபனிக்கு மூன்று சாம்பிள்

மாஸ்டர்,

இன்று காலை ஆய்வகத்துக்கு வந்த துணித்துண்டு ஒன்றின் பெயர் ‘வின்டர் மிஸ்ட்’. குளிர்காலத்து மூடுபனியாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபிளீஸ் துணி, சாம்பலில் ஒரு துளி ஊதா விழுந்த நிறம். லைட் பாக்ஸுக்குள் வைத்து விளக்குகளை மாற்றிப் பார்த்தேன். பகல் விளக்கில் ஒரு நிறம், கடை விளக்கில் வேறொரு நிறம். படிவத்தில் ‘ஃபெயில்’ என்று எழுதப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று காதில் கேட்டது. “பனியை என்னைக்குங்க மேடம் இந்தப் பேரு வெச்சவங்க நேர்ல பாத்தாங்க?”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர் மேசைப் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஆய்வகத்துக்குள் நான் சிரித்து அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்கும் முகத்தோடு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நீங்கள் போய் இது முதல் மார்கழி. கடிதம் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. போனவர்களுக்கு எழுதினால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்துதான் வர வேண்டும்.

நம் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. நீங்கள் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, துணி சோதிக்கும் ஆய்வகத்தில் நிறம் அளக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். நீங்கள் சாயமேற்றும் ஒவ்வொரு லாட்டும் என்னிடம் வரும். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கொடுத்த ஸ்டாண்டர்ட் துண்டுக்கும் உங்கள் துணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மிஷின் ஒரு எண் சொல்லும். எண்ணைப் பார்த்து நான் பாஸ் அல்லது ஃபெயில் போடுவேன். ஃபெயில் போட்ட அரைமணி நேரத்துக்குள் உங்கள் ஃபோன் வந்துவிடும்.

“ஏனுங்க மேடம், அந்த மிஷினுக்குக் கண்ணு இருக்குதுங்களா?”

“இல்லை மாஸ்டர். அதனாலதான் அதுக்கு யார் மேலயும் கோபம் வர்றதில்லை.”

“எனக்கு இருக்குதுங்க.”

“கண்ணா, கோபமா?”

“ரெண்டுமுங்க.”

அடுத்த அரைமணியில் உங்கள் மொபெட் வாசலில் நிற்கும். துணியையும் என்னையும் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். “இங்க பாருங்க. சூரியன் பொய் சொல்லாதுங்க.” உச்சி வெயிலில் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வாதாடுவதை எங்கள் வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். இருபது வருடம் இப்படியே போனது. உங்களுக்காக நான் எண்ணை மாற்றியதில்லை. எனக்காக நீங்கள் சூரியனை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

கடைசிச் சண்டை ஒரு நேவி ப்ளூ லாட்டுக்கு. நீங்கள் ஓய்வு பெறுகிற மாதம். ஸ்டாண்டர்டும் லாட்டும் ஒன்றே என்றீர்கள். மிஷின் இல்லை என்றது. நான் ஃபெயில் போட்டேன். முழு லாட்டையும் திரும்பச் சாயத்தில் போட வேண்டி வந்தது. உங்கள் வழியனுப்பு விழாவில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கையில் ஒரு லட்டைக் கொடுத்து, “மிஷின்ல வெச்சுப் பாத்துட்டுச் சாப்பிடுங்க” என்றீர்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தக் கார்த்திகையில் நீங்கள் ஆய்வகத்துக்கு வந்தீர்கள். கையில் துணி இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“கண்ணு டாக்டர்கிட்டப் போயிருந்தனுங்க. ரெண்டு கண்ணுலயும் புரையாம். பொங்கலுக்குப் பொறவு லென்ஸு மாத்தோணும்ங்கறாரு.”

“மாத்திக்குங்க மாஸ்டர். இப்ப அது ரொம்பச் சுலபம்.”

“அதில்லீங்க. மாத்தினா கலரு மாறுமுங்களா?”

வேறு யாராக இருந்தாலும் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், மஞ்சள் நீலத்தைத் தடுக்கும், புது லென்ஸ் வைத்ததும் நீலமெல்லாம் பளிச்சென்று தெரியும் என்று பாடம் நடத்தினேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

“அப்போ கடைசியா நாலஞ்சு வருசம் நான் மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுத்தான் கலர் பாத்தனுங்களா?”

நான் மேசை மேல் கிடந்த துணித்துண்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“எத்தனை லாட்டுங்க மேடம்!”

அதுதான் உங்கள் வெசனம். அறுவைச் சிகிச்சையைப் பற்றி உங்களுக்குத் துளியும் பயம் இல்லை. உங்கள் கண்ணை நம்பி ஒரு பட்டறையே சாயம் போட்டிருக்கிறது, அந்தக் கண் சரிதானா என்று தெரிய வேண்டும். மூன்று நாள் கழித்து ஃபோன் செய்து திட்டத்தைச் சொன்னீர்கள். துணிக்குச் செய்கிற அதே சோதனை. துவைப்பதற்கு முன் ஒரு சாம்பிள், துவைத்த பின் ஒரு சாம்பிள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. லென்ஸ் மாற்றுவதற்கு முன் ஒரு நிறத்தைப் பார்த்துத் தாளில் பதிந்து வைப்பீர்கள். மாற்றிய பிறகு அதே நிறத்தை அதே இடத்தில் திரும்பப் பதிவீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கண் செய்த தப்பு.

“எந்த நிறத்தை?” என்றேன்.

“மூடுபனிங்க.”

அதில் நியாயம் இருந்தது. அடர்ந்த நிறத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், வெளிறிய சாம்பலில்தான் மாஸ்டர் யாரென்று தெரியும் என்பது உங்கள் கட்சி. மூடுபனியை விட வெளிறிய சாம்பல் நம் பக்கத்தில் கிடையாது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது, இயற்கை வெளிச்சமாக இருக்க வேண்டும். ஆகவே வெளியே போக வேண்டும், மார்கழியில் போக வேண்டும், பையர் அனுப்புகிற சாம்பிள் பெட்டியில் பனி வராது என்பதால் நாம்தான் அதனிடம் போக வேண்டும்.

“படம் வரைஞ்சிருக்கீங்களா மாஸ்டர்?”

“மூணாங் கிளாஸ்ல ஒரு மாம்பழம் வரைஞ்சேனுங்க. வாத்தியார் கத்திரிக்கா நல்லாருக்குதுன்னாரு. இது படமில்லீங்க மேடம், டெஸ்ட்டு. நீங்க சாட்சி.”

டெஸ்ட் என்று சொன்னதால்தான் வந்தேன். ஓவியம் என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

மார்கழி முதல் ஞாயிறு, இருட்டு பிரியும் முன் உங்கள் கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. முன்சீட்டில் உங்கள் மனைவி, எனக்கு அக்கா; மடியில் ஃபிளாஸ்க், காதில் பஞ்சு. அவர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “அம்மிணி, இவரு குளுருல எங்காச்சும் குளத்துல உளுந்து வெச்சா உனக்குத் தூக்க முடியாது. அதுக்குத்தான் நான்.” இரண்டு வருடமும் அவர் காரை விட்டு இறங்கியதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருப்புகழ் கேட்டுக்கொண்டிருந்தார்.

உடுப்பைச் சொல்ல வேண்டும். பனி விழும் தேசங்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் குளிர் உடுப்பு போகிறது. நமக்கு அதைப் போட இடம் கிடையாது. நம் ஊரில் குளிர்காலம் என்பது காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை. ஆனாலும் நீங்கள் ரிஜெக்ட் ஆன சரக்கிலிருந்து இரண்டு ஃபிளீஸ் ஜாக்கெட்டுகளைக் கொண்டு வந்திருந்தீர்கள். என்னுடையதில் ஜிப் கழுத்து வரை வந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். உங்களுடையதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, நெஞ்சில் சிவப்பு மூக்கோடு ஒரு கிறிஸ்துமஸ் பனிமான். அறுபதைத் தாண்டிய டையிங் மாஸ்டர், வேட்டிக்கு மேல் பனிமான், தலையில் குரங்குக் குல்லா. அவிநாசிபாளையம் தாண்டி, வண்டிப்பாதையில் இறங்கி, குளக்கரையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டோம்.

பனி நன்றாகத்தான் இறங்கியிருந்தது. குளமும் அக்கரையும் இல்லை. நாலு பனைமரம் மட்டும் இடுப்புக்குக் கீழே காணாமல் நின்றன. நான் எதையும் எளிதில் அழகு என்று சொல்பவளில்லை. அன்று என் ஸ்டூலைக் குளத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

தூரிகையை எடுத்து வரைய ஆரம்பிப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தாளைச் சின்னச் சின்னக் கட்டமாகக் கிழித்தீர்கள். ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் நீலம் சேர்ந்த சாம்பல், மூன்றாவதில் கொஞ்சம் பழுப்பு. பின்பக்கம் ஏ, பி, சி என்று எழுதி என்னிடம் நீட்டினீர்கள். பட்டறையில் முழு லாட்டும் போடுவதற்கு முன் மூன்று துண்டு சாம்பிள் போட்டு, பையர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதைத்தானே போடுவீர்கள்! பனியையும் அப்படித்தான் போட வந்திருந்தீர்கள். பையர் நான்.

“பாருங்க மேடம். எது ஓகேங்க?”

நான் மூன்றையும் பனிக்கு எதிரே பிடித்து, தள்ளிப் பார்த்து, சாய்த்துப் பார்த்து, “பி” என்றேன்.

“பி அப்ரூவ்டு” என்று பெரிய தாளை எடுத்தீர்கள். நிறத்தைக் கலக்கி நிமிர்ந்தபோது பனி நிறம் மாறியிருந்தது. கிழக்கே வெளுத்து, எல்லாம் ரோஸ் கலந்த வெள்ளையாக நின்றது.

“ஸ்டாண்டர்ட மாத்திட்டாங்க” என்றீர்கள், பையரைத் திட்டுகிற அதே குரலில். மறுபடி மூன்று சாம்பிள். மறுபடி நான் தேர்ந்தெடுப்பதற்குள் பனி அடுத்த நிறத்துக்குப் போயிருந்தது. எட்டு மணிக்கு எல்லாம் கலைந்து, அக்கரையில் மூன்று காற்றாலைகள் எதுவுமே நடக்காதது போல் சுற்றிக்கொண்டிருந்தன. “இது அப்ரூவ்டு சாம்பிள்ல இல்லீங்களே” என்று அவற்றைப் பார்த்து முறைத்தீர்கள். அன்று பதினெட்டுக் கட்டங்கள் போட்டிருந்தீர்கள். படம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது ஞாயிறு ஆடு மேய்க்கிற பாட்டி வந்து சேர்ந்தார். ஸ்டூல், பலகை, தாள், தூரத்தைக் கண் சுருக்கிப் பார்க்கிற இரண்டு பேர். நம் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

“சைட்டு போடறீங்களாக்கும்?”

“இல்லீங்க ஆத்தா. பனியைப் பாக்க வந்தோமுங்க.”

“பனிக்கும் பட்டா வந்துருச்சா?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் வந்து பின்னால் நிற்பார். நம் சோதனையைப் பற்றி நான் அவருக்கு விளக்கிய அன்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்ற ஆடுக நிக்குதே, அதைக் காணமே படத்துல?” என்றார். ஆடு அசையும், அதற்கு சாம்பிள் போட முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். இந்த அவமானம் ஆட்டுக்குப் புரிந்ததோ என்னவோ, ஒருநாள் மூன்று வாரம் பாடுபட்டு நான் ஓகே செய்த சாம்பிளை, ஸ்டூல் மேல் காயப் போட்டிருந்தபோது, ஒரு வெள்ளாடு எடுத்து மென்று தின்றுவிட்டது. ஏ, சி இரண்டையும் தொடவில்லை. “பாருங்க மேடம்,” என்றீர்கள், கோபத்துக்கு நடுவே ஒரு பெருமையோடு, “அதுவும் பி-யத்தான் எடுக்குது.”

காய்வது அடுத்த தொல்லை. பனியில் தண்ணீர்ச் சாயம் காயாது. பூசிய நிறம் தாளில் நிற்காமல் மெல்ல இறங்கிவந்து வேட்டியில் சொட்டும். டிரையர் இல்லாத பட்டறையா என்று யோசித்து, காரின் சூடான பானெட் மேல் தாளை விரித்தீர்கள். அக்காவின் கண்ணுக்கு நேரே, முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் வந்து படுத்தது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, “ஏனுங்க, கஞ்சி கொட்டிருச்சு” என்றார்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, சாம்பிள் போட நேரமில்லாமல் அவசரத்தில்தான் அந்தப் படம் முடிந்தது. மேலே வெளிர்சாம்பல், கீழே நீர் தொடும் இடத்தில் நீலம், நடுவே கால் இல்லாத நாலு பனை. நன்றாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பனியைப் போல இருந்தது. பின்பக்கம் ‘பிஃபோர்’ என்று எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டு, என்னையும் போட வைத்து, செய்தித்தாளில் சுற்றி பீரோவில் பூட்டினீர்கள்.

தையில் வலது கண். இடது கண்ணுக்கு இரண்டு மாதம் கழித்து என்றார்கள். அந்த இடைவெளிதான் உங்களை உடைத்தது. வலது கண் புதுசு, இடது கண் பழசு. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து வீட்டையெல்லாம் சோதித்தீர்கள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. அக்கா ஃபோனில் புலம்பினார்: “அம்மிணி, வந்த விருந்தாளிப் பொம்பளைங்களப் பாத்து ஒத்தக் கண்ணை மூடி மூடித் தொறக்கறாரு. நான் ஊர்ல என்னன்னு சொல்லறது?”

பிறகு ஒருநாள் நீங்களே பேசினீர்கள். “மேடம், வலது கண்ணுல என்ற வேட்டி வெள்ளை. இடது கண்ணுல டீயில நனைச்ச மாதிரி. இத்தனை பழுப்புன்னு நான் நெனைக்கலீங்க.”

அதற்குப் பிறகு ஃபோன் இல்லை. இடது கண்ணும் ஆயிற்று. ஆடி, ஆவணி, ஐப்பசி. நான் ஒரு லாட்டை ஃபெயில் போட்டுவிட்டு, அரைமணி நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உங்களிடம் சொன்னதில்லை. புது மாஸ்டர் ஃபெயில் என்றால் ‘ஓகே மேம்’ என்று வைத்துவிடுகிறார். அது ஒரு வேலையே இல்லை மாஸ்டர்.

அடுத்த மார்கழி பிறந்தும் உங்கள் கார் வரவில்லை. நான் வந்தேன். நீங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துச் சொன்னார்: “கலரைப் பத்தியே பேசறதில்ல அம்மிணி. தீவாளிக்குச் சேலை எடுக்கப் போனா, ‘எதோ ஒண்ணை எடு’ன்னு சொல்லிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. நாப்பது வருசமா ஒரு சேலைய என்ற இஷ்டத்துக்கு எடுத்ததில்ல நானு.”

“கிளம்புங்க மாஸ்டர்,” என்றேன்.

“எதுக்குங்க? ரிசல்ட்டுதான் தெரிஞ்சு போச்சுங்களே. என்ற கண்ணு ஃபெயிலு.”

“ஆஃப்டர் சாம்பிள் இல்லாம நான் ரிப்போர்ட் எழுதறதில்லை.”

“நானே ஒத்துக்கறனே, பொறவென்னுங்க?”

“இருபது வருஷத்துல நீங்க ஒத்துக்கிட்ட எதையும் நான் நம்பினதில்லை. ஒத்துக்காததையும் நம்பினதில்லை. கிளம்புங்க.”

எதிர்த்துப் பேச உங்களுக்கு வாய் வந்தது. அதற்கு முன் அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கோடு காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதே குளக்கரை. அதே மாதிரி பனி. நீங்கள் செய்தித்தாளைப் பிரித்து, பழைய படத்தைக் கையை நீட்டிப் பனிக்கு எதிரே பிடித்தீர்கள். டீயில் நனைத்த பனியைப் பார்க்கப் போகிறோம் என்று முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள்.

“மேடம். இங்க வாங்க.”

வந்து பார்த்தேன். தாளில் இருந்த பனியும் எதிரே இருந்த பனியும் போன வருடம் எவ்வளவு ஒத்துப்போயினவோ அவ்வளவு ஒத்துப்போயின.

“பழுப்பாவே இல்லீங்களே!”

உங்கள் கண்ணில் சந்தேகம் தீரவில்லை. பின்னால் வந்து நின்றிருந்த பாட்டியைக் கேட்டீர்கள். “ஆத்தா, நீங்க சொல்லுங்க. இது அது மாதிரி இருக்குதுங்களா?”

பாட்டி படத்தையும் பார்த்தார், குளத்தையும் பார்த்தார். “போன வருசம் இருந்த மாதிரியேதான் சாமி இருக்குது. அப்பவே ஒண்ணும் அப்படிப் பெருசா இல்ல.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் கண்ணாடி வழியாக நீங்கள் பனியைப் பார்த்தீர்கள். சரி. தாளில் பூசிய சாயத்தை எதன் வழியாகப் பார்த்தீர்கள்? அதே மஞ்சள் கண்ணாடி. இரண்டும் ஒரே அளவு மஞ்சளாகும்போது, இரண்டையும் ஒத்துப்போக வைத்தால் அது எந்தக் கண்ணுக்கும் ஒத்துத்தானே போகும்! இந்தச் சோதனையில் உங்கள் கண்ணின் தப்பு தெரியவே தெரியாது. முதல் நாள் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்டிருக்கும்.

நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: “அழுக்குக் கண்ணாடி வழியா ஸ்டாண்டர்ட். அதே அழுக்குக் கண்ணாடி வழியா சாம்பிள்.”

“ஆமா மாஸ்டர்.”

“நான் நாப்பது வருசம் கலர் பாத்தவன். நீங்க எம்.எஸ்ஸி.”

“ஆமா மாஸ்டர்.”

“ஆடு சாம்பிளைத் தின்னப்பவே நிறுத்தியிருக்கோணுமுங்க.”

அப்போது சிரித்த சிரிப்பை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. நெஞ்சில் இருந்த பனிமான் மூச்சு வாங்கக் குலுங்கியது. ஜிப் கழுத்தில் சிக்கியிருந்ததால் எனக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா கண்ணாடியை முழுதாக இறக்கினார். “என்னாச்சுங்க?”

“நாங்க ரெண்டு பேரும் முட்டாளுங்கன்னு ரிசல்ட்டு வந்திருக்குது!”

“இதுக்கா ரெண்டு வருசம்? என்னையக் கேட்டிருந்தா ஊட்டுலயே சொல்லியிருப்பனே!” கண்ணாடி ஏறிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் நீங்கள் குல்லாவைக் கழற்றினீர்கள். குரல் மாறியிருந்தது. “அப்போ பட்டறையிலயும் அப்படித்தானுங்களே மேடம்? ஸ்டாண்டர்டும் லாட்டும் ஒரே கண்ணுலதான பாத்தேன்?”

“ஆமா. ஒரே கண்ணுதான்.”

“அந்த நேவி லாட்டு?”

நான் சொல்லாமல் விட்டது இங்கேதான் இருக்கிறது, மாஸ்டர். மஞ்சள் கண்ணாடி இரண்டு பொருளையும் ஒரே மாதிரி மாற்றும் என்பது பாதி உண்மை. நெருங்கி நெருங்கி இருக்கிற இரண்டு கருநீலங்களுக்கு நடுவே ஒரு சின்ன வித்தியாசம் இருந்தால், அதை அந்த மஞ்சள் விழுங்கிவிடும் என்பது மீதி. பனி மாதிரி வெளிறிய நிறத்தில் நீங்கள் தப்பியிருக்கலாம். நேவியில் தப்ப முடியாது. உங்களுக்கு அவை ஒன்றாகத் தெரிந்தன. அவை ஒன்றல்ல. அன்றைக்கு மிஷின் சொன்னது சரி. இன்னும் எத்தனை அடர்நீல லாட்டுகளில் அப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதெல்லாம் ஒரே நொடியில் வரிசையாக என் மனதில் வந்து நின்றது. முந்தின வருடக் கார்த்திகையில் லென்ஸைப் பற்றிப் பாடம் நடத்திய வாய்தான் என்னுடையது. திறந்தால் இதையும் நடத்தியிருக்கும்.

“மிஷின்ல அன்னைக்கு ஏதோ கோளாறு இருந்திருக்கும் மாஸ்டர்,” என்றேன். “இப்ப நினைச்சா, சரியா செட் பண்ணாம ஓட்டியிருப்பேன்னு தோணுது. நீங்க சொன்னதுதான் சரி.”

பனி நம் இருவருக்கும் நடுவிலும் கொஞ்சம் இருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். வலது கண்ணை மூடிப் பார்த்தீர்கள், இடது கண்ணை மூடிப் பார்த்தீர்கள்.

“பொய் சொல்லறதுக்கு உங்களுக்குப் பழக்கம் பத்தாதுங்க மேடம்.”

நான் குளத்தைப் பார்த்தேன்.

“பரவால்லீங்க. பாஸ்னு எழுதிக்குங்க” என்றுவிட்டுத் தூரிகையை எடுத்தீர்கள். கட்டம் கிழிக்கவில்லை. ஏ, பி, சி இல்லை. என்னிடம் எதையும் கேட்கவில்லை. பனி மாற மாற நீங்களும் நிறத்தை மாற்றிக்கொண்டே போனீர்கள். கலைந்தபோது காற்றாலைகளையும் போட்டீர்கள்.

வைகாசியில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று அக்கா ஃபோன் செய்தார். அந்த வாரம் பட்டறையின் பழைய ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். ஒருவர் என்னிடம், “நீங்கதானுங்களா அந்த மேடம்? நேவி லாட்டு பாஸுன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு மாஸ்டர் எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னாருங்க” என்றார். எல்லாருக்கும்! பொய்யென்று தெரிந்தே வாங்கிக்கொண்டு, ஊர் முழுக்கப் பங்கு வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் அக்கா கைகாட்டுகிறார்: “இது தொவைக்கறதுக்கு முன்னால, அது தொவைச்சதுக்குப் பொறவு.” எந்த விளக்கமும் கிடையாது. கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கிறார்கள்.

நான் இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். உங்கள் சாயப் பெட்டியையும் தூரிகைகளையும் அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். அவரும் வருகிறார், காரை விட்டு இறங்குவதில்லை. நான் வரைகிற பனை மரம் விளக்குமாறு மாதிரி இருக்கிறது என்று பாட்டி சொல்கிறார், தப்பில்லை. ஆய்வகத்தில் நான் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை. இன்றைக்கு ‘வின்டர் மிஸ்ட்’ ஃபெயில்தான். இந்த வேலையில் நான் கையெழுத்துப் போட்ட எந்த ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து காட்டினாலும் என்னால் பதில் சொல்ல முடியும். ஒன்றுக்கு மட்டும் முடியாது, அதில் கையெழுத்தும் இல்லை, தாளும் இல்லை. அது தப்புதான். தப்பென்று தெரிந்தே அதை வைத்திருக்கிறேன். நீங்கள் எதிரே வந்து நின்று அந்த நேவி லாட்டைப் பற்றித் திரும்பக் கேட்டால், அதே பதிலைத்தான் சொல்வேன் மாஸ்டர். இந்த முறை குளத்தைப் பார்க்காமல்.